மூன்றாம் நாளின் ஆபத்து



மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, மாங்கேணியைக் கடந்ததும் உப்பாற்று வாவியின் குறுக்கே பாலமொன்றில் ஏறி இறங்கி வாகரையை அடைகின்றது. அப்பாலம் அமைந்த இடமே பனிச்சங்கேணி. ஊரின் பெயரிலேயே பனிச்சை மரமும் கேணியும் அடங்கியுள்ளன. நூல்வலைகள் வழங்கிய காலத்தில், பனிச்சங்காயின் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்தினால் அது உவர்நீரில் விரைவில் இற்றுப்போகாது என்பதை மீனவர் அறிந்திருந்தனர். நைலோன் வலை வந்தபின் அந்த வழக்கம் அருகிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. வாவியும் கடலும் ஒருபுறம் சோறு போட, மாரிமழையை நம்பிய வயலும் மேட்டுநிலப் பயிரும் மறுபுறம் கைகொடுக்க வாழும் பிரதேசம் அது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், அதனை அடுத்து வந்த போரையும் தாங்கி, மீண்டும் வந்து குடியமர்ந்த மக்கள் அவர்கள்.

பயிர் உள்ள இடத்திற் பூச்சியும் உண்டு. பூச்சி உள்ள இடத்திற் பூச்சிகொல்லியும் உண்டு. அதனை மக்கள் 'மருந்து' என்றே வழங்குகின்றனர். நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைக் கொல்வதற்கும் ஒரே சொல்லை ஆளும் இவ்வழக்கம் தமிழ் பேசும் உழவர் எங்கும் உள்ளது. சொல்லிற் பெரிய குற்றமில்லை என்பாரும் உளர். ஆயினும், அச்சொல் பல வீடுகளில் அப்போத்தலை அஞ்சாமற் கையாளும் துணிவைக் கொடுத்துவிட்டது என்பதை மறுக்க இயலாது.

இத்தகைய ஊரொன்றில், பூச்சிகொல்லி உடலிற் சென்ற ஒருவரை வைத்தியசாலையிற் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் அவர் நிலை பார்ப்போரைக் கலங்கவைக்கும். உடல் முழுதும் வியர்க்கின்றது. வாயிலிருந்து எச்சில் வழிகின்றது. கண்மணி குண்டூசி முனைபோற் சுருங்கிவிடுகின்றது. நெஞ்சிற் சளி நிரம்பிக் கரகரக்கின்றது. வாந்தியும் பேதியும் ஓயவில்லை. வைத்தியர்கள் அத்திரோப்பின் என்னும் மருந்தை மீண்டும் மீண்டும் ஏற்றுகின்றனர். மெல்ல மெல்ல நெஞ்சு உலர்கின்றது, வியர்வை அடங்குகின்றது. இரண்டாம் நாள் அவர் கண்விழித்து, பெண்சாதி பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைத்துப் பேசுகின்றார். உறவினர் நெஞ்சிற் பால் வார்த்தாற் போன்று இருக்கின்றது. 'ஆபத்து நீங்கிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?' என்ற கேள்வி எழுவது அந்த நேரத்திலேதான். கடலுக்குப் போக வேண்டிய தோணி கரையிற் கிடக்கின்றது. வயலிலே வேலை நிற்கின்றது. வைத்தியசாலை வாசலிற் படுத்துக்கிடக்கும் உறவினர்க்குச் சாப்பாட்டுச் செலவும் உண்டு. கேள்வி நியாயமானதே.

ஆனால் மூன்றாம் நாள் வேறொன்று நிகழ்கின்றது. நோயாளி தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயல்கின்றார், தலை எழவில்லை. கையைத் தோளுக்குமேல் உயர்த்த முடியவில்லை. இமைகள் தாழ்கின்றன. குரல் மூக்கால் ஒலிக்கின்றது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்புகின்றது. இருமச் சொன்னால் இருமல் எழவில்லை. வியர்வையோ எச்சிலோ முதல்நாட் போலப் பெருகவில்லை. அறிவு தெளிவாகவே இருக்கின்றது. சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடக்கூடும். அருகிற் சுவாசக் கருவி இல்லையேல், தேறிவிட்டார் என்று எல்லோரும் நம்பிய மனிதர் இறந்துபோகின்றார்.

இந்த மூன்றாம் நாளின் நோய்க்கு உரிய இடத்தையும் பெயரையும் மருத்துவ உலகிற்குக் கொடுத்தவர்கள் இலங்கை வைத்தியர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் 1987 ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். பத்து நோயாளரை அவர்கள் கண்டிருந்தனர். நஞ்சு உட்சென்று 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில் அவர்களுக்குக் கழுத்துத் தசைகளும், தோள் தொடைப்பகுதித் தசைகளும், கபால நரம்புகள் இயக்கும் தசைகளும், மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. மூவர் இறந்தனர். தளர்ச்சி சிலருக்குப் பதினெட்டு நாள்வரை நீடித்தது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இடைநிலை நோய்க்குறித் தொகுதி' என்பதாகும்.

'இடைநிலை' என்றது எதனால்? பூச்சிகொல்லி நஞ்சின் விளைவுகள் இரண்டு என்றே பாடநூல்கள் அதுவரை சொல்லிவந்தன. ஒன்று, முதல்நாளின் வியர்வையும் எச்சிலும் சளியும் கூடிய கொந்தளிப்பு. மற்றது, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கைகால்களின் நுனியிலிருந்து தொடங்கும் நரம்புத் தளர்ச்சி. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு என்பதே பேராதனையின் கண்டுபிடிப்பு. இந்தியாவிலும் ஒருவர் இதன் சாயலைக் கண்டிருந்தார். பூனா நகரத்து வைத்தியர் வாடியாவும் அவருடைய துணைவர்களும் 1974 ஆம் ஆண்டிலேயே, நஞ்சுண்டோருக்குச் சற்றுப் பிந்தித் தோன்றி அத்திரோப்பினுக்குக் கட்டுப்படாத தளர்ச்சிகளைத் தனியாகப் பிரித்து எழுதியிருந்தனர். பெரிய ஆய்வுகூடங்கள் நிறைந்த நாடுகளில் இது முதலிற் புலப்படாமற் பூனாவிலும் பேராதனையிலும் புலப்பட்டதற்குக் காரணம் எளிது. நோயாளர் நிறைந்திருந்த வார்டுகள் இங்கேதான் இருந்தன. அவர்களின் கட்டிலருகே மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நின்று பார்த்த கண்களும் இங்கேதான் இருந்தன.

நோய் எந்த நரம்புகளின் வழியே தன்னை முதலில் வெளிக்காட்டுகின்றது என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. அவற்றிற் கடைசி நான்கும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து எழுகின்றன. ஒன்பதாவது நரம்பு தொண்டைக்கும் நாவின் பின்பகுதிக்கும் உரியது. பத்தாவது, அண்ணத்தையும் குரல்வளையையும் இயக்கி, நெஞ்சும் வயிறும் வரை அலைந்து செல்வது. பதினோராவது கழுத்தின் முன்புறத்துப் பெருந்தசையையும் தோளை உயர்த்தும் தசையையும் ஆள்வது. பன்னிரண்டாவது நாவை அசைப்பது. ஒரு கவளம் சோற்றை விழுங்குவதற்கு இந்நான்கும் ஒன்றுகூடி உழைக்க வேண்டும். விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழல் மூடப்படாவிட்டால் சோறும் நீரும் நெஞ்சுக்குட் சென்றுவிடும். அவ்வாறு சென்றதை இருமி வெளியேற்றும் வேலையும் இவற்றுக்கே உரியது. நாள்தோறும் உண்ணும்போது எவரும் இவற்றை நினைப்பதில்லை.

இந்நரம்புகள் ஒருங்கே பழுதுறும் வேறு நோய்களும் உள்ளன. அவற்றுள் ஒன்பதாம், பத்தாம், பதினோராம் நரம்புகள் மண்டையோட்டின் அடியில் ஒரே துவாரத்தின் வழியே வெளியேறுகின்றன. பன்னிரண்டாவதின் வாயில் அதற்குப் பக்கத்திலேயே உள்ளது. ஆகவே அவ்விடத்திற் படும் ஓர் அடி பலவற்றையும் வீழ்த்திவிடும். முதலாம் உலகப் போரின்போது குண்டடிபட்ட போர்வீரரிடம் இதனைக் கண்ட பிரெஞ்சு வைத்தியர்களாகிய கொலே, சிக்கார் என்போரின் பெயரால் அந்நோய் இன்றும் வழங்குகின்றது. கொலே எழுதியது 1915 இல், சிக்கார் எழுதியது 1917 இல். அங்கே நரம்பே அறுபடுகின்றது அல்லது நசுங்குகின்றது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பழுதாகும். பூச்சிகொல்லியால் வரும் நோயிலோ நரம்பு அறுபடுவதில்லை. நரம்பு தன் செய்தியைத் தசைக்கு ஒப்படைக்கும் வாசலிலேயே கோளாறு நேர்கின்றது. இரு பக்கமும் ஒருசேரத் தளர்கின்றன. இவ்வேறுபாட்டினாலேதான் நோயாளி பிழைத்தால் முற்றாகப் பிழைக்கின்றார்.

அந்த வாசலில் நடப்பது யாது? நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் பொருள் துளித்துளியாகச் சுரந்து தசையைச் சென்று தொடுகின்றது, தசை சுருங்குகின்றது. தொட்ட பொருளை உடனே சிதைத்து அகற்றுவதற்கு அவ்விடத்திலேயே ஒரு நொதியம் காத்திருக்கின்றது. அகற்றினாற்றான் அடுத்த செய்திக்கு வாசல் தயாராகும். நரம்புகள் இவ்வாறு இரசாயனப் பொருளின் மூலம் பேசுகின்றன என்பதைக் காட்டியமைக்காக ஹென்றி டேல், ஒட்டோ லேவி என்னும் அறிஞர் இருவர் 1936 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். விந்தை என்னவெனில், அதே 1936 ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஜேர்மனியிற் பூச்சிகொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயனர் 'தபுன்' என்னும் கொடும் நஞ்சைக் கண்டார். அது போர்க்கருவியாயிற்று. அதே குடும்பத்திற் பிறந்த சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் பின்னர் உலகெங்கும் வயல்களுக்கு வந்தன. இவை எல்லாவற்றிற்கும் வேலை ஒன்றே: அந்த நொதியத்தைக் கட்டிப்போடுதல்.

நொதியம் கட்டுண்டால் அசற்றைல்கோலின் அகற்றப்படாமற் குவிகின்றது. சுரப்பிகள் ஓயாது சுரக்கின்றன. முதல்நாட் கொந்தளிப்பு அதுவே. அத்திரோப்பின் சுரப்பிகளிலும் குடலிலும் நெஞ்சிலும் அப்பொருளின் வேலையைத் தடுத்து உயிர்காக்கின்றது. ஆனால் கைகால் கழுத்துத் தசைகளின் வாசலை அத்திரோப்பின் எட்டுவதில்லை. அங்கே நாட்கணக்காகக் கதவு ஓயாமல் தட்டப்படுகின்றது. ஈற்றில், தட்டுவதைக் கேட்கும் ஆற்றலையே தசை இழந்துவிடுகின்றது என்று கருதப்படுகின்றது. பேராதனை வைத்தியர்கள் நரம்பை மின்னாற் தூண்டிப் பார்த்தபோது பழுது தசையின் பக்கத்து வாசலிலேயே இருப்பதாகத் தோன்றியதும் இதற்குப் பொருந்தும். 2008 ஆம் ஆண்டு பிரதீபா ஜயவர்தனவும் துணைவரும் இலங்கை நோயாளரிடையே நடத்திய ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. இந்நோய் திடீரென வந்து விழுவதன்று. மின்தூண்டலுக்குத் தசை விடையிறுக்கும் முறையிற் படிப்படியாக மாற்றங்கள் தோன்றுகின்றன. மூச்சு நிற்கும் நிலைக்கு முன்னரே அவற்றைக் காணக்கூடும் என்று அது காட்டியது.

ஆகவே, மூன்றாம் நாளின் தளர்ச்சிக்கு அத்திரோப்பினை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. வேண்டியது ஒன்றே: தசைகள் தாமாக விழித்தெழும்வரை மூச்சைக் கருவி மூலம் நடத்திக்கொண்டிருப்பது. ஐந்து நாளோ, பத்து நாளோ, பதினெட்டு நாளோ ஆகலாம். அந்நாட்களைக் கடத்திவிட்டால் நோயாளி எழுந்து, உண்டு, பேசி, நடந்து வீடு செல்கின்றார். மருத்துவத்தில் இவ்வளவு கொடிய தளர்ச்சி இவ்வளவு முழுமையாக நீங்குவது அரிது. இத்தகைய ஒருவரைச் சில மணி நேரத்துக் கவனக்குறைவால் இழப்பது பொறுக்கத்தகாத இழப்பு.

இங்கே ஓர் உண்மையை மறைக்காது சொல்லல் வேண்டும். மருந்தடிக்கும்போது தோலின் வழியும் மூச்சின் வழியும் உட்சென்ற நஞ்சினால் வருந்துவோர் உண்டு. ஆனால் வைத்தியசாலைக்கு வருவோரிற் பெரும்பாலோர் மனமுடைந்த ஒரு கணத்திற் தாமே அதனை நாடியோர். இலங்கையின் நிலையை ஆராய்ந்த வைத்தியர் ஜெயரத்தினமும் துணைவரும் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, அக்காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சினால் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர்; ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர்; சேர்க்கப்பட்டோரில் முக்காற்பங்கினர் தாமே உட்கொண்டவர்கள். குடும்பச் சச்சரவும் கடனும் பரீட்சைத் தோல்வியும் ஒரு மாலைப்பொழுதின் கோபமும், போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமையால், உயிரோடு விளையாடின. அத்தகைய மனவருத்தத்தில் இருப்போரும் அவர்களைப் பற்றி அஞ்சுவோரும் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடன் பேசலாம்.

போத்தல் கைக்கெட்டாதபடி செய்வதே அரசு மேற்கொண்ட வழி. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பதிவாளர் அலுவலகம், மிகக் கொடியவற்றை ஒவ்வொன்றாக விலக்கியது. 1984 இற் பரத்தையோன் போயிற்று. 1995 இல் மொனோகுரோட்டபொசும் மெதமிடபொசும் போயின. 2008 ஆம் ஆண்டுக்கும் 2011 ஆம் ஆண்டுக்கும் இடையில் டைமெதோயேற்றும் பெந்தியோனும் போயின. இவற்றுட் கடைசி நான்குமே 1987 ஆம் ஆண்டுக் கட்டுரையிற் பேராதனை வைத்தியர்கள் பெயர் குறித்த நஞ்சுகள். 1995 இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் 2005 அளவிற் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் அதனாற் குறைந்ததாக ஆய்வாளர் காணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; தடை வந்தால் வயல் பாழாகும் என்று அன்று வாதிட்டோர் பலர்.

ஆயினும் அக்குடும்பத்து நஞ்சுகள் உலகை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. 2013 ஆம் ஆண்டு யூலை மாதம் இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில், பாடசாலை மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவிற் கலந்திருந்தது மொனோகுரோட்டபொசு. வயலுக்குரியது சமையலறைக்கு வந்த கதை அது. சோடாப் போத்தலிலும் எண்ணெய்ப் போத்தலிலும் பூச்சிகொல்லியை ஊற்றிவைக்கும் வழக்கம் நமது வாடிகளிலும் வீட்டு மூலைகளிலும் இல்லையென்று எவரும் சத்தியம் செய்ய இயலாது.

நஞ்சு உட்சென்றதாக ஐயம் எழுந்தவுடன் செய்யத்தக்கவை சிலவே. நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு உடலைக் கழுவல் வேண்டும். கழுவுபவர் தம் கைகளையும் காத்துக்கொள்ளல் வேண்டும். வாந்தியெடுக்கச் செய்யும் பொருட்டுப் புளிக்கரைசலோ உப்புநீரோ வேறெதுவுமோ வாயில் ஊற்றுதல் ஆகாது. விழுங்கும் நரம்பு தளரத்தொடங்கிய ஒருவருக்கு அது நேரே நெஞ்சினுட் செல்லும். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் காவுவண்டி வரும். போத்தலையும் அதன் சுட்டியையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். எந்த நஞ்சு என்பதை அறிந்தால், எத்தனை நாள் விழித்திருக்க வேண்டும் என்பதை வைத்தியர் அறிவர். பெந்தியோன் போன்றவை உடற்கொழுப்பிற் பதுங்கியிருந்து பல நாள் கழித்தும் வெளிப்படுவன.

வைத்தியசாலையிற் சேர்த்தபின், உறவினர் செய்யக்கூடிய பேருதவி, நான்கு நாள் நிறையும்வரை நோயாளியை வீட்டுக்கு அழைக்காதிருத்தலாகும். அருகிலிருப்பவர் படிப்பில்லாதவராயினும் பார்க்கத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியை, 'தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காட்டுங்கள்' என்று கேட்கலாம். இயலாவிட்டால் உடனே தாதியரை அழைத்தல் வேண்டும். வாந்தியாலும் பேதியாலும் வந்த களைப்பு என்று அதனைத் தள்ளிவிடக் கூடாது. களைத்தவர் தலையைத் தூக்கிப் பின் விழவிடுவார், இந்நோய் கண்டவருக்குத் தலை எழுவதேயில்லை. கழுத்தின் இத்தளர்ச்சி பெரும்பாலும் மூச்சுத் தளர்ச்சிக்கு முந்தித் தோன்றுகின்றது. குரல் மாறுதலும், குடித்த நீர் மூக்கால் வருதலும், எச்சிலை விழுங்க இயலாது வாயில் தேங்கவிடுதலும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கன. பேச முயன்றும் சொல் வராமல், கண்கள் மட்டும் அச்சத்தோடு உறவினரைத் தேடுவதுண்டு. அறிவு தெளிவாயிருப்பதால், கட்டிலைச் சுற்றி நின்று பேசுவோர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகின்றது.

சுவாசக் கருவியும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் எல்லாச் சிறு வைத்தியசாலைகளிலும் இல்லை. வாகரைப் பக்கத்து மக்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் தெற்கே வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை, அதற்கும் அப்பால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. முன்னர் பழுதுற்றுக்கிடந்த பனிச்சங்கேணிப் பாலமும் சாலையும் புதிதாக அமைந்தபின் அத்தூரம் மணிக்கணக்கிற் சுருங்கியிருக்கின்றது. எனினும், கழுத்துத் தளர்ந்த பின்னர், மூச்சுத் திணறத் தொடங்கிய பின்னர், நள்ளிரவில் வண்டியேற்றுவது பெரும் ஆபத்து. நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் முதல்நாளிலோ இரண்டாம் நாளிலோ, பகற்பொழுதில் பெரிய வைத்தியசாலைக்கு அவரை மாற்றவேண்டும் என்று வைத்தியர் சொன்னால், 'தேறிவிட்டாரே, இனி எதற்கு அலைச்சல்?' என்று மறுக்காது உடன் செல்லல் வேண்டும்.